கமலாட்சியின் காலடி மண்

கமலாட்சிக்குப் பிள்ளை இல்லை. ஆனால் பிள்ளையார்பாளையத்தில் அவள் வீட்டில் இருந்த அளவு பிள்ளைகள் வேறெந்த வீட்டிலும் இல்லை. காலையில் தறிக்குப் போடும் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சரிபார்க்கப் பெரியவர்கள் எல்லாரும் போய்விடுவார்கள். தவழ்வதும் தத்துவதும் அவளிடம் வந்துவிடும். வட்டமாக உட்காரவைத்து, ஒரே சட்டியில் தயிர்சோறு பிசைந்து ஊட்டுவாள். ஒழுகுகிற மூக்கையெல்லாம் தன் முந்தானையால் துடைப்பாள்.

அறுபத்தெட்டில் ஹாங்காங் காய்ச்சல் வந்தது. பேப்பரில் போட்டிருந்தார்களாம், படித்தவர் யாரும் இந்தத் தெருவுக்கு வந்து சொல்லவில்லை. முதலில் தும்மியது ஜெயம்மாளின் மகன் கந்தன். இரண்டு வயது. பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை, அதற்கும் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை என்று ஒவ்வொன்றாக அனலாய்க் கொதித்தன.

பெறாதவள் கண் பட்டுவிட்டது என்றது தெரு. நரம்பில்லாத நாக்கு எப்படியும் புரளும். ஜெயம்மாளே போய்க் கமலாட்சியின் வாசலில் காலடி மண்ணை வழித்து எடுத்தாள். கமலாட்சி வெளியே வந்து ஏனென்று கேட்கவில்லை. அதுவும் அவள் குற்றமாகிவிட்டது.

மண்ணோடு உப்பும் மிளகாயும் சேர்த்துச் சுற்றிப்போட, நன்றாக இருந்த பிள்ளைகளையும் கூட்டிவந்து காய்ச்சல்காரப் பிள்ளைகளோடு நெருக்கி உட்காரவைத்தார்கள். சுற்றிய மண்ணில் ஒவ்வொன்றும் இருமிக்கொண்டே துப்பியது. அடுப்பில் போட்ட மிளகாய் கமறவில்லை. அப்படியானால் கண்ணேறுதான் என்று முடிவாயிற்று. நின்றவர்களுக்கெல்லாம் மூக்கடைப்பு, நெடி எங்கே தெரியப்போகிறது?

சில நாளில் மிச்சப் பிள்ளைகளும் படுத்துவிட்டன. அவை கமலாட்சி வீட்டுப் படியை மிதிக்காதவை. மருந்து கொண்டுவந்த கம்பவுண்டர் வரதராஜன் தலையில் அடித்துக்கொண்டார்.

"கண்ணும் இல்ல, மண்ணும் இல்லமா. ஒண்ணு தும்மினா பக்கத்துல இருக்கறதுக்கு ஒட்டிக்குது. அத்தினி புள்ளைங்களையும் ஒண்ணா குந்த வெச்சீங்களே."

ஜெயம்மாளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கந்தன் தேறியும் வாயைத் திறக்காமல் அடம்பிடித்தான். அவனுக்குக் கமலாட்சி ஊட்டவேண்டும். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அவனைத் தூக்கிப் போனாள். கதவு சாத்தியிருந்தது.

"அக்கா, நான்தான்."

"உள்ள வராதடி. எனக்கும் புடிச்சிக்கினு இருக்குது. புள்ளைய எட்ட வெச்சிக்க."

"எப்போலேந்துக்கா?"

"மண்ணு எடுத்தியே, அன்னிக்கே எழுந்திருக்க முடியல."

ஜெயம்மாள் கந்தனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பு பற்றவைத்து நாளாகியிருந்தது. கஞ்சி காய்ச்சி எடுத்துவந்து, கமலாட்சியின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கமலாட்சி ஒரு வாய் குடித்தாள்.

"புள்ளைங்க எழுந்திருச்சா?"

ஜெயம்மாள் வாய்விட்டு அழுதாள்.

"எல்லாம் எழுந்திருச்சுக்கா. நீ ஒருத்திதான் பாக்கி."