பெட்டியின் மேல் ஒரு கை

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டுவிட்டு, "பாவம், நீ வேணும்னேவா செஞ்ச?" என்று யாராவது முதுகைத் தட்டிக்கொடுக்க வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேண்டுமென்றுதான் செய்தேன்.

நான் பேண்டு குழுவில் டிரம் அடிக்கிறவன். இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. கல்யாணமா, கடை திறப்பா, சாவா, எல்லாவற்றுக்கும் அதே பத்துப் பேர், அதே சிவப்புச் சட்டை. காலையில் எங்கள் பின்னால் ஒரு தெரு ஆடும், மத்தியானம் இன்னொரு தெரு அழும். கைதட்டல் எல்லாம் டிரம்பெட் வாசிக்கிற மாஸ்டருக்கு. டிரம் அடிக்கிறவனை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. ஆனால் ஒரு கூட்டம் எந்த வேகத்தில் நடக்கும் என்பது என் கையில்தான் இருக்கிறது. அது அந்தக் கூட்டத்துக்கே தெரியாது. காது கேட்கும், கால் அதன் பாட்டுக்குப் போகும், நடுவில் மூளையை யாரும் கலந்துகொள்வதில்லை.

சாவு ஊர்வலத்தில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. பேண்டு முன்னால் போகும், பெட்டி பின்னால் வரும். டிரம்காரன் கடைசி வரிசையில், பெட்டிக்கு நேர் முன்னால். நாலு அடிக்கு ஒருமுறை அவன் திரும்பிப் பார்க்க வேண்டும். பெட்டியை அல்ல, அதோடு நடந்து வருகிற வீட்டு ஆட்களின் கால்களை. அதில் எந்தக் கால் ரொம்பத் தடுமாறுகிறதோ அந்தக் காலுக்குத்தான் அடி. பெட்டியைத் தூக்குகிறவர்கள் கை வலித்து முறைப்பார்கள். முறைத்துவிட்டுப் போகட்டும்.

அன்றைக்குப் போனது தையல் அக்காவின் மகன். எங்கள் சிவப்புச் சட்டை பத்தையும் தைத்தவள் அவள்தான். என் சட்டையை மட்டும் மூன்று முறை பிரித்துப் பெரிதாக்கிவிட்டு, "தம்பி, இனிமே உள்ள துணி இல்ல, நீதான் குறையணும்" என்று சிரித்தவள். ஒரே பிள்ளை. இருபத்தாறு வயது. லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. காய்ச்சல் என்று படுத்தான், ஐந்தாம் நாள் இல்லை.

அக்காவுக்கு இடது முழங்கால் மடங்காது. காலை வீசி வைத்துத்தான் நடப்பாள். கிளம்புவதற்கு முன் எங்களிடம் வந்தாள். கண்ணீர் எல்லாம் தீர்ந்து முகம் காய்ந்து கிடந்தது.

"தம்பி, எல்லாரும் என்னை வண்டியில வரச் சொல்றாங்க. நான் நடந்துதான் வருவேன். அவன் மேல கை வச்சுக்கிட்டே கடைசி வரைக்கும் போகணும். வேற ஒண்ணும் எனக்கு வேணாம். கொஞ்சம் மெதுவா போவீங்களாப்பா?"

"நீங்க கவலையே படாதீங்கக்கா. உங்க காலுக்குத்தான் என் அடி" என்றேன். வாய்தானே, எதை வேண்டுமானாலும் சொல்லும்.

ஒன்றரை மணிக்குக் கிளம்ப வேண்டியது. தூரத்திலிருந்து வர வேண்டிய பெரியப்பா வந்து சேர இரண்டரை ஆகிவிட்டது. அதே நாள் நாலு மணிக்கு ஊரின் மறுகோடியில் என் தங்கை மகளுக்குக் கல்யாண வரவேற்பு. அவள் என் தோளில் வளர்ந்தவள். மண்டபத்துக்குள் ஆடிக்கொண்டே நுழைவேன் என்று அடம்பிடித்து, இரண்டு மாதம் என் டிரம்முக்குப் பழகியிருந்தாள். காலையிலேயே போன். "மாமா, நீ அடிச்சாத்தான் நான் உள்ள வருவேன். இல்லன்னா வாசல்லயே நிப்பேன், பாத்துக்கோ." இரண்டையும் ஒரே நாளில் ஒத்துக்கொள்ளாதே என்று மாஸ்டர் சொன்னார். நான்தான் பெரிய புத்திசாலியாயிற்றே, முடியும் என்றேன்.

ஊர்வலம் கிளம்பியது. கைப்பிடி வைத்த பெட்டி. ஆறு பேர் இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அக்கா பின்மூலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வந்தாள். முதல் பாதித் தெரு ஒழுங்காகத்தான் அடித்தேன். பேக்கரி முனையில் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று ஐந்து. இன்னும் பாதி வழி கிடந்தது.

கை தானாகப் போகவில்லை. நான் போகவிட்டேன். வேகத்தை ஒரே ஒரு நூல் கூட்டினேன். யாருக்கும் தெரியாத அளவுக்கு. பத்தடி தள்ளி இன்னும் ஒரு நூல். ஊதுகிறவர்கள் என்னோடு வந்தார்கள், தூக்குகிறவர்கள் அவர்களோடு வந்தார்கள். மாஸ்டர் ஊதிக்கொண்டே ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. பின்னாலும் பார்க்கவில்லை. பார்த்தால் அந்தக் கால் தெரியும், தெரிந்தால் கையைக் குறைக்க வேண்டிவரும். அதனால் பார்க்கவில்லை.

ஆனால் கேட்டது. கடைசி வரிசைக்காரனுக்குக் கேட்காமல் இருக்குமா? செருப்பு இழுபடும் சத்தம். பிறகு, "கொஞ்சம் நில்லுங்கப்பா" என்று ஒரு குரல். அதட்டக்கூட இல்லை, பஸ்ஸில் இடம் கேட்கிற மாதிரி மெல்லக் கேட்டாள். என் டிரம்தான் அதை மூடியது.

கடைசியில் திரும்பினேன். பெட்டிக்கும் அவளுக்கும் நடுவில் இருபதடி இருந்தது. அந்தக் காலை வீசி வீசி, பாதி ஓட்டமாக வந்துகொண்டிருந்தாள். கை மட்டும் முன்னால் நீண்டிருந்தது, பெட்டியின் மேல் வைத்திருந்தபோது எப்படி விரிந்திருந்ததோ அப்படியே.

அப்போதாவது குறைத்தேனா? இல்லை. இடுகாட்டு வாசல் தெரிந்துவிட்டது, இன்னும் கொஞ்சம்தானே என்று நினைத்தேன்.

அவள் வந்து சேர்ந்தபோது பெட்டியைக் குழியோரம் இறக்கிவைத்திருந்தார்கள். நேராக எங்களிடம்தான் வந்தாள். மூச்சு வாங்கியது.

"உங்களையெல்லாம் காக்க வச்சுட்டேனா தம்பி? இந்தப் பாழாப்போன காலு... கடைசி நேரத்துல கைவிட்டுடுச்சு. என் பிள்ளையைக் கடைசி வரைக்கும் பிடிச்சுக்கிட்டு வர எனக்கு வக்கில்லாமப் போச்சு."

எங்களிடம் மன்னிப்புக் கேட்டாள். என்னிடம். பத்துப் பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். மாஸ்டர் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், இப்போதாவது சொல்லுவேனா என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பரவாயில்லக்கா."

பரவாயில்லையாம்! எவ்வளவு பெரிய மனசு எனக்கு! நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மண்டபத்துக்கு நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே போய் நின்றேன். மணப்பெண்ணுக்குத் தலை அலங்காரம் சரியாக வரவில்லையாம். நாலே முக்கால் வரை டிரம்மை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். அந்த ஊர்வலத்தில் நான் மிச்சம் பிடித்தது ஏழெட்டு நிமிடம் இருக்கும். பிறகு அவள் வந்தாள், அடித்தேன், ஆடினாள். தேவதை மாதிரி ஆடினாள், பொய் சொல்ல மாட்டேன். என் கண் அவள் காலிலேயே நின்றது. தங்கை வீட்டுக்காரர் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, "மச்சான், உன் அடிக்குச் செத்தவன்கூட எழுந்து ஆடுவான்யா!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் கை கழுவுகிற இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு தையல் கடை இருக்கிற தெரு வழியாகப் போவதையே விட்டேன். சட்டையில் பொத்தான் போனால் ஊக்கு குத்திக்கொண்டேன். வீட்டில் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தேன். ஒரு மாதம் போயிருக்கும். என் மனைவி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அந்தத் தையல்கார அக்கா காலுக்கு மருந்தே போட மாட்டேங்கிறாங்களாம். முட்டி வீங்கி இவ்வளவு பெருசா இருக்காம். 'வலிக்கட்டும், அதுக்கு வேணும்'னு சொல்றாங்களாம்."

தட்டைத் தள்ளிவைத்தேன். என் கை செய்ததற்கு அவள் கால் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை போனேன். கடையில் அவள் மட்டும் இருந்தாள். துணி வெட்டுகிற மேஜையருகில் வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"வா தம்பி. மறுபடியும் வயிறு பெருத்துடுச்சா?" என்றாள்.

அந்தக் கேலி என்னைக் கொன்றுவிட்டது. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். வரவேற்பு, கடிகாரம், பேக்கரி முனை, நூல் நூலாகக் கூட்டியது, அவள் குரல் எனக்குக் கேட்டது. முக்கியமாக அதை விடாமல் சொன்னேன். வெட்கத்தில் காது மடல் வரை சுட்டது.

அவள் கையிலிருந்த கத்தரிக்கோலை மேஜையில் வைத்தாள்.

"அப்போ என் காலு இல்லையா?"

"இல்லக்கா. என் கை."

"எவ்வளவு வேகமா அடிச்ச? காட்டு."

மேஜையின் மரத்தில் இரண்டு விரலால் தட்டினேன். "இது நீங்க நடந்தது." பிறகு, "இது நான் அடிச்சது."

தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இவ்வளவுதானா வித்தியாசம்?"

"இவ்வளவுதான்க்கா." அது இன்னும் பெரிதாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

மேஜையில் கிடந்த துணியை எல்லாம் அவள் ஒரு பக்கமாகத் தள்ளினாள். மூலையில் உள்ளங்கையை வைத்தாள். "முதல்ல தட்டினியே, அதைத் தட்டு. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாத."

தட்டினேன். கண்ணை மூடிக்கொண்டாள். பேன்ட் சுருக்க வந்த ஒருவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் போய்விட்டார். என் விரல் மரத்துப்போனது. வேறு விரலுக்கு மாற்றினேன்.

"பேக்கரி வந்துடுச்சு" என்றாள்.

என் விரலைப் பார்த்துக்கொண்டே தட்டினேன். ஒரு நூல்கூடக் கூடவில்லை.

"இங்க மேடு. எனக்கு ஏறாது. இன்னும் மெதுவா."

குறைத்தேன். அவள் கன்னத்திலிருந்து மேஜையில் சொட்டியது. நானும் அழுதேன், சத்தம் வராமல். அவளுக்கு முன்னால் அழுகிற உரிமை எனக்கு ஏது?

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்தத் தெரு அவ்வளவு நீளம் என்று இருபத்திரண்டு வருடத்தில் எனக்குத் தெரிந்ததில்லை.

"வந்தாச்சு" என்றாள்.

கையை அவளே எடுத்தாள். என் விரல்கள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தன.

"வந்தாச்சுன்னு சொல்றேன்ல. நிறுத்திட்டுப் போ."