ஒரு முழம் ஹோஸ்

பழைய காருக்கு ஏசி போட்டதும், சூப்பர்சார்ஜர் அழுத்தி அனுப்பும் சூட்டுக் காற்றை ஆற வைக்க இன்டர்கூலர் பொருத்தியதும் மெக்கானிக். எல்லாம் தன் கைவேலை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவர் ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர். முப்பது வருட உத்தியோகத்தில் அவர் திருகியது பேனா மூடி ஒன்றைத்தான்.

"சார், ஏசித் தட்டுல சேர்ற தண்ணி வெளிய போக ஒரு முழம் ஹோஸ் மாட்டணும். நாளைக்கு எடுத்துக்குங்க," என்றார் மெக்கானிக்.

"இன்னைக்குக் கார் கண்காட்சி. கல்யாணம் முடிஞ்சப்புறம் மேளம் எதுக்குய்யா?" பொறியாளர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

பக்கத்து சீட்டில் சம்பந்தி, மகனுக்குப் பெண் கொடுத்தவர். வெளிர் நிறப் பேண்ட், அளந்து பேசும் மனிதர். அவர் முழங்காலுக்கு நேர் மேலே ஏசி ஒரு மணி நேரமாகச் சில்லென்று ஊதிக்கொண்டிருந்தது.

"எஞ்சினுக்கும் குளிர்ச்சி, நமக்கும் குளிர்ச்சி. இப்பப் பாருங்க இன்டர்கூலரோட மகிமையை!" மைதான வாசலில் பொறியாளர் காலை அழுத்தினார். கார் பாய்ந்தது. தட்டில் நிரம்பியிருந்த தண்ணீரும் பாய்ந்தது, சரியாகச் சம்பந்தியின் மடியில்.

"சம்பந்தி, தண்ணி..."

"வந்துட்டோம், வந்துட்டோம்!"

இறங்கிய வேகத்தில் பொறியாளர் பானட்டைத் திறந்து, "ஒவ்வொரு நட்டும் என் கையால முறுக்கினது!" என்று கூட்டத்துக்கு முழங்கினார். பிறகுதான் சம்பந்தி இறங்கினார். எல்லார் பார்வையும் அவர் பேண்ட்டுக்கு இறங்கியது.

"பெரியவருக்கு வேகம் தாங்கல போல!" என்றது ஒரு குரல். சிரிப்பு பரவியது.

சம்பந்தி பொறியாளரின் முகத்தைப் பார்த்தார். 'அது ஏசித் தண்ணி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஒழுகுகிறது என்றால், ஒழுக விட்ட கை யாருடையது? பொறியாளர் திறந்த வாயை மூடிக்கொண்டார். காது மடல் சுட்டது. அந்தச் சூட்டை ஆற வைக்க எந்தக் கடையிலும் சாமான் கிடையாது.

அப்போது கையில் ஹோஸ் துண்டோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார் மெக்கானிக். பார்த்ததும் புரிந்துவிட்டது.

"தப்பு என்னோடதுங்க. ஹோஸ் மாட்டாம வண்டியைக் குடுத்துட்டேன். அது ஏசித் தண்ணி, பெரியவரைப் பார்த்துச் சிரிக்காதீங்க."

"அப்ப வேலை பார்த்தது நீங்களா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

மெக்கானிக் தரையைப் பார்த்தார். பொறியாளர் இன்டர்கூலரைக் கூர்ந்து பார்த்தார், உள்ளே நுழைந்து ஒளிய இடமிருக்கிறதா என்பதுபோல.

"தண்ணி தெரியாம கொட்டிச்சு, காஞ்சிடும்," என்றார் சம்பந்தி மெதுவாக. "வாயைத் தெரிஞ்சுதானே மூடினீங்க, சம்பந்தி?"

கிளம்பும்போது மெக்கானிக் ஹோஸோடு குனிந்தார்.

"இருக்கட்டும்பா, வீட்டுக்குப் போய் மாட்டிக்கலாம்," என்று தடுத்தார் பெண் கொடுத்தவர். " சாவியைக் குடுங்க சம்பந்தி, நான் ஓட்டறேன்."

பொறியாளர் ஈர சீட்டில் உட்கார்ந்தார். சம்பந்தி ஏசியை முழு வேகத்தில் வைத்தார். வழி நெடுகத் தட்டு மறுபடி நிரம்பிக்கொண்டே வந்தது. வீட்டுத் தெருவில் மனைவி, மருமகள், அக்கம்பக்கம் எல்லாரும் வாசலில் நின்றிருந்தார்கள். சம்பந்தி காலை அழுத்தப்போவது தெரிந்தது.

பொறியாளர் முழங்காலைக்கூட நகர்த்திக்கொள்ளவில்லை.