இன்னொரு பார்ட்டி

அந்த வீட்டில் சட்டம் போட்டவளே அவள்தான். நான்கு வருடங்களுக்கு முன் கணவன் யார் பேச்சையோ கேட்டு, கையிருப்பு முழுவதையும் ஒரே கம்பெனி ஷேரில் கொண்டுபோய்க் கொட்டினான். அது பாதியாகி, கால்வாசியாகி, கடைசியில் காணாமலே போனது. அன்று அவள் சாப்பாட்டு மேசையைத் தட்டி அறிவித்தாள்: "இனிமே இந்த வீட்டுல யாரும் ஷேர், ஃபண்டுன்னு அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கக் கூடாது. பேங்க் மட்டும்தான்!" ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டிரைவிங் மாஸ்டர், பெண்டாட்டி முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டினான்.

சட்டம் ஆறு மாதம் தாக்குப்பிடித்தது. அதை மீறியதும் அவள்தான். ஆஸ்பத்திரி லேபில் அவளோடு ரத்தம் பரிசோதிக்கும் தோழி ஃபோனில் ஒரு ஆப்பைக் காட்டினாள். முதலில் ஃபண்டுக்கு ஒன்று, பிறகு தங்கத்துக்கு ஒன்று, கடன் பத்திரத்துக்கு ஒன்று. கணவன் செய்த தப்பைத் தானும் செய்துவிடக் கூடாது என்று பிரித்துப் பிரித்துப் போட்டதில் ஆப்புகள் ஐந்தாகிவிட்டன. எதில் எவ்வளவு இருக்கிறது என்பது அவளுக்கே குழம்பும். பாஸ்வேர்டு மட்டும் குழம்பாது. ஐந்துக்கும் பழைய ஹவுஸ் ஓனர்களுக்கு அவள் வைத்த பட்டப்பெயர்கள்: சிடுமூஞ்சி, மோட்டார் மாமா, இப்படி. அவர்களை எந்த ஜென்மத்தில் மறப்பது?

ஐந்து பேரும் சாவியோடு சேர்த்துக் கொடுத்தது ஒரே வாக்கியம்: "சுவத்துல ஆணி மட்டும் அடிக்கக் கூடாதும்மா." கல்யாணப் போட்டோ இன்றுவரை பீரோவுக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. ஒரே ஒரு தடவையாவது வாடகை வாங்குகிற பக்கம் நின்று பார்த்துவிட வேண்டும் என்பது அவளுக்கு ஆசை. ஆசை என்ன ஆசை, வெறி.

அதற்குத் தோதாக ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு சின்ன ஃபிளாட் விலைக்கு வந்தது. வீடு தேடும் நர்ஸுகளுக்கு அங்கே பஞ்சமில்லை. வாடகையே கடன் தவணையில் பெரும்பகுதியை அடைத்துவிடும். ஐந்து ஆப்பையும் வழித்தெடுத்தால் முன்பணம் தேறும். புரோக்கரிடம் ஃபோனிலேயே சரி என்றாள். மறுநாளே அவர் ஆரம்பித்தார்.

"மேடம், இன்னொரு பார்ட்டி உங்களுக்கு மேல கேக்குறாங்க."

அவள் கொஞ்சம் ஏற்றினாள். இன்னொரு பார்ட்டியும் ஏற்றியது. மறுபடி ஏற்றினாள். அந்தப் பாவிக்கு உலகத்தில் வேறு வீடே கிடைக்கவில்லையா என்று வாய்விட்டுத் திட்டினாள். வீட்டிலோ கணவன் இரண்டு வாரமாகக் கடுகடுவென்று இருந்தான். காலைச் சாப்பாட்டின்போது இருவரும் ஃபோனைத் தட்டுக்குப் பின்னால் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒருவர் எட்டிப் பார்த்தால் மற்றவர் கவிழ்த்தார்கள். அவன் மேட்ச் பார்க்கிறான் என்று அவள் நினைத்தாள். தன் திருட்டை மறைக்கிற அவசரத்தில் அவனை யார் கவனித்தார்கள்?

கடைசியில் புரோக்கர் சனிக்கிழமை காலை நேரில் வரச் சொன்னார். விலையில் இன்னும் ஒரு படிதான் அவளால் ஏற முடியும். அதற்கும் மேலே போனால் ஃபிளாட் கையை விட்டுப் போயிற்று. ஃபிளாட்டுக்குப் போய்க் குழாய்களைத் திறந்து மூடினாள், ஜன்னல்களை ஆட்டிப் பார்த்தாள், குளியலறைக் கூரையில் ஈரம் படர்ந்திருப்பதைக் கண்டுபிடித்தாள்.

"இன்னொரு பார்ட்டியும் வந்தாச்சு மேடம்," என்றார் புரோக்கர், ஜன்னல் வழியாகக் கீழே பார்த்து.

அவளும் பார்த்தாள். உச்சியில் சிவப்பு எழுத்துப் பலகை வைத்த கார் ஒன்று தவளை மாதிரி குதித்துக் குதித்து வந்து நடுத்தெருவில் நின்றது. ஓட்டக் கற்றுக்கொள்ளும் அம்மாள் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையிலிருந்து அவளுடைய கணவன் இறங்கினான்.

படியேறி வந்தவன் பேயறைந்தவன் போல நின்றான். "நீ இங்க என்ன பண்ற?"

"அதை நான் கேக்கணும்!"

ஒரே மெத்தையில் படுத்துக்கொண்டு இரண்டு வாரமாக ஒருவர் தலையில் ஒருவர் விலையை ஏற்றியிருக்கிறார்கள். அவளுக்குக் கோபம் ஜிவ்வென்று ஏறியது.

"பணம் ஏது? நீங்களும் ஆப்பா? எத்தனை?"

"ஏழு."

"ஏழா?"

"ஒரே இடத்துல போடாதேன்னு நீதானே சொன்ன?"

"போடவே போடாதீங்கன்னு சொன்னேன்!"

அவன் குரல் இறங்கியது. "தொலைச்சதை மீட்டுட்டு அப்புறமா உன் மூஞ்சியைப் பாக்கலாம்னு இருந்தேன். மீட்டுட்டேன். அதுக்கு மேலயே இருக்கு, இந்த ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டுற அளவுக்கு."

அவளுக்குக் கண் கலங்கியது. கூடவே சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. ஐந்தும் ஏழும் பன்னிரண்டு. இந்த ஆளோடு சேர்ந்தால் எந்தப் பார்ட்டி எதிரே நிற்கும்? புரோக்கர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இவர் என் வீட்டுக்காரர். இப்ப அந்த இன்னொரு பார்ட்டியைக் கூப்பிடுங்க, பாப்போம்."

புரோக்கருக்கு மூக்கு நுனியில் வியர்த்தது. "மேடம், அது வந்து..."

"முதல்ல சொன்ன விலை. அதுல பாத்ரூம் கூரை ரிப்பேர் செலவு கழியும்."

"ஓனர் ஒத்துக்கவே மாட்டாரு."

"ஃபோனைப் போடுங்க, நானே பேசுறேன்."

ஸ்பீக்கரில் ஓனர் அலுத்துக்கொண்டார். "முதல்ல சொன்ன விலையே எனக்குப் போதும்மா. கூரை ஒழுகுறது உண்மைதான், கழிச்சுக்கோங்க. யாரு ஏலம் விடச் சொன்னா?"

கீழேயிருந்து குரல் வந்தது: "மாஸ்டர், வண்டியை எங்க நிறுத்துறது?"

"எங்க வேணும்னாலும் நிறுத்துங்கம்மா!" என்று கத்தினான் மாஸ்டர். அவன் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

பன்னிரண்டு ஆப்பிலிருந்தும் பணம் ஒவ்வொன்றாக இறங்கிவர ஒரு வாரம் பிடித்தது. இருவர் பேரிலும் பத்திரம் பதிந்து, மிச்சத்தை இரண்டே ஆப்பில் சேர்த்து, பாஸ்வேர்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்தே போட்டார்கள். கூரையும் சரியாயிற்று. குடிவர ஒரு நர்ஸ் கணவனோடு வந்தாள். சாவியை வாங்கிக்கொண்டு தயங்கினாள்.

"மேடம், சுவத்துல ஆணி..."

புது ஹவுஸ் ஓனரம்மா தன் கைப்பையைத் திறந்து ஒரு சுத்தியலையும் ஒரு டப்பா ஆணியையும் எடுத்தாள்.

"எத்தனை வேணும்னாலும் அடிச்சுக்கோம்மா. முதல் ஆணி மட்டும் நான் அடிக்கிறேன்."

முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது நேராக இறங்கியது. அந்த ருசியில் அவள் மூன்றாவதையும் அடித்தாள்.