லாவண்டர் கன்று

திருவாதவூரில் ரெங்கம்மாளின் கிடேரி தலைச்சன் கன்று போட்ட காலையில், அவள் வெந்நீர் எடுக்க அடுப்படிக்குப் போன நேரத்துக்குள் அவள் புருஷன் சோணை காரியத்தைக் கெடுத்துவிட்டான். மதுரை காளவாசலில் சகலை வீட்டுக் கல்யாணம். மாடு எந்நேரமும் ஈனும் என்பதால் அவன் மட்டும் கிளம்பிக்கொண்டிருந்தான். சட்டை போடுவதற்கு முன் கழுத்து, நெஞ்சு, கக்கம், தோள்துண்டு என்று ஒரு இடம் விடாமல் சென்ட் அடித்திருந்தான். கன்று விழுந்ததைப் பார்த்து ஓடியவன், தாய் நக்குவதற்கு முன்னாலேயே அதை வாரி நெஞ்சோடு அணைத்து, அந்தத் துண்டாலேயே தலையிலிருந்து வால்வரை துடைத்து முடித்திருந்தான். முப்பது வருஷமாக மாடு வளர்க்கிற மனுஷன்.

அந்த சென்ட் பாட்டில் அவளுடைய தம்பி பேயாண்டி துபாயிலிருந்து கொண்டுவந்தது. மேலே லாவண்டர் என்று போட்டிருப்பதாக அவன்தான் படித்துச் சொன்னான். அடித்த உடனே எலுமிச்சம்பழத்தை நறுக்கியது மாதிரி சுள்ளென்று இருக்கும். கொஞ்ச நேரத்தில் ஆப்பிள் வாசம் வரும். நன்றாகத்தான் இருக்கும், அதை அவள் மறுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தப் பூ எழும்பும். மல்லி இல்லை, மரிக்கொழுந்து இல்லை, இந்த ஊர் மண்ணில் முளைக்காத ஏதோ ஒன்று. அது லேசில் போகாது. வியர்வையோடு சேர்ந்து தலையணையில் ஏறும். இரண்டு தடவை சோப்புப் போட்டுத் துவைத்தாலும் வேட்டியில் அப்படியே உட்கார்ந்திருக்கும். உரம் வாங்கப் போனாலும் சோணை அடித்துக்கொண்டுதான் போவான். அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

மாடு கன்றை முகர்ந்தது. புஸ்ஸென்று மூச்சு விட்டு முட்டித் தள்ளியது. ரெங்கம்மாள் கன்றை வெந்நீரில் கழுவினாள், தவிடும் உப்பும் தேய்த்தாள். எலுமிச்சை போனது, ஆப்பிள் போனது, பூ மட்டும் போகவில்லை. கறந்து புகட்டலாம் என்றால் மடியில் கை வைக்கவிடாமல் உதைத்தது. சீம்பால் உள்ளே போகாவிட்டால் கன்று பொழுது சாயும்வரை தாங்காது. அது நடுங்கிக்கொண்டு எழுந்து எழுந்து விழுந்தது.

முகூர்த்தம் பத்தரைக்கு என்று சோணை மெல்ல ஞாபகப்படுத்தினான். அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் வீட்டுக்குள் போய் பாட்டிலை எடுத்துவந்தாள். கன்றின் வாசத்தைப் போக்க முடியாது, மாட்டின் மூக்கைத்தான் மாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது.

“அதுல இன்னும் முக்காவாசி இருக்கு புள்ள.”

“இருக்கட்டும். மாட்டப் பிடிங்க.”

உள்ளங்கை நிறைய ஊற்றி மூக்கைச் சுற்றி அப்பினாள். மாடு தும்மியது, தலையை உதறியது. கன்றை முகத்துக்கு நேரே தள்ளினாள். வெகுநேரம் முகர்ந்தது. இனி எதை முகர்ந்தாலும் அதற்கு ஒரே வாசம்தான். பிறகு நாக்கு வெளியே வந்தது. உப்பு பட்டிருக்க வேண்டும், நக்க ஆரம்பித்தது. கன்று தட்டுத்தடுமாறி மடிக்கு வந்து காம்பைப் பிடித்தது.

நாக்குக்குக் கன்று எட்டாமல் போனதும், தலைக்கயிற்றைப் பிடித்து நின்ற சோணையின் பக்கம் மாடு திரும்பியது. வெற்று மார்பில் வியர்வையும் லாவண்டரும். அங்கே நக்கத் தொடங்கியது. அவன் கூச்சத்தில் ஓரடி பின்னால் வைத்தான். மாடும் ஓரடி வைத்தது. கன்றின் வாயிலிருந்து காம்பு நழுவியது.

“அசையாம நில்லுங்க. அது குடிச்சு முடிக்கட்டும்.”

சாலையில் மதுரை பஸ் ஹாரன் அடித்து நின்று, கிளம்பிப் போனது. சோணை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். சொரசொரப்பான நாக்கு திரும்பத் திரும்ப ஏறி இறங்க அவன் மார்பு சிவந்துகொண்டிருந்தது. பின்னால் கன்றின் வால் ஆடிக்கொண்டிருந்தது.