தோல் அழுக்கு என்று எழுதினாள்

1

இந்தக் கதை என் கற்பனையல்ல. ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இருபது வருடமாக வேலை பார்க்கும் என் அக்கா போன வாரம் போன் செய்து, "நேத்து நான் சரியில்லைன்னு ஒதுக்கின ரத்தம் நம்ம தம்பியோடதுடா" என்றாள். அந்த அதிர்ச்சியிலும் நான் செய்த முதல் காரியம், அவள் சொன்னதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டது. என்ன ஜென்மமோ நான்.

2

முதல் தொடக்கம்: "நம்மில் பலரின் வாயிலும் குடலிலும் ஈஸ்ட் என்னும் பூஞ்சை சாதுவாகக் குடியிருந்து..."

(அடித்துவிட்டேன். பாடப்புத்தக வாடை. ஆனால் இதைச் சொல்லாமல் கதை நகராது.)

அது எல்லை மீறினால் வெள்ளையணுக்கள் விழுங்கிவிடும். விழுங்க முடியாத நீளத்துக்கு இழையாக வளர்ந்துவிட்டால், சில அணுக்கள் தம்மையே கிழித்துக்கொண்டு, உள்ளிருக்கும் டிஎன்ஏவை வலையாக வீசிச் செத்துப்போகும். படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. உள்ளே இப்படியொரு சாவு நடக்கிறது, நாம் பாட்டுக்குப் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

தம்பிக்குக் கொடுத்த புற்றுநோய் மருந்து அந்த அணுக்களைத் துடைத்துவிட்டிருந்தது. தடுக்க ஆளில்லாமல் பூஞ்சை ரத்தத்தில் இறங்கிவிட்டது.

3

அக்காவைக் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை.

ரத்தம் வந்த குப்பியில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான்; யாருடையது என்று மறுநாள்தான் தெரிந்தது. நுண்ணோக்கியில் ஊதா உருண்டைகள், ஒன்றிரண்டில் ஈஸ்ட்டின் அடையாளமான சின்ன மொட்டு. ஊசி குத்தியபோது ஒட்டிய தோல் அழுக்கு என்று எழுதி, வேறு ரத்தம் கேட்டாள். சில பாக்டீரியா விஷயத்தில் அது சரியாக இருக்கலாம். ரத்தத்தில் ஈஸ்ட் தெரிந்தால் ஒருபோதும் அப்படி ஒதுக்கக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே அவள்தான்.

"அவனோட நாலு குப்பியில ஒண்ணுலதான் இருந்துச்சு" என்றாள். பிறகு அவளே, "சாக்கு சொல்றேன் பாரு" என்றாள்.

பூஞ்சைக்கான மருந்து ஒரு நாள் தள்ளிப்போனது. அதற்குள்...

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெம்பில்லை.)

4

பூஞ்சை கண்களுக்குப் போய்விட்டது. மருந்து ஒரு நாள் முந்தியிருந்தால் கண் தப்பியிருக்குமா என்று கேட்டேன். டாக்டருக்கும் தெரியவில்லை.

அவன் பிழைக்கிற முடிவு ஒன்று, பிழைக்காத முடிவு ஒன்று, இரண்டையும் எழுதிக் கிழித்தேன். இன்று காலை அவனே கேட்டான்: "என்னைப் பத்தி என்னமோ எழுதுறியாமே அண்ணே. எழுத்தெல்லாம் மங்கலாத் தெரியுது. அக்காவை வாசிக்கச் சொல்லு."

தாள்கள் இப்போது அக்கா கையில். அக்கா செய்த தவறு அவனுக்கு இன்னும் தெரியாது. உள்ளபடி வாசிக்கலாம். இல்லை, வேறெதையாவது இட்டுக்கட்டிச் சொல்லலாம், அவனால் சரிபார்க்க முடியாது.

"படி அக்கா. என்ன யோசிக்கிற?"

அவள் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அவள் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். எதை வாசிப்பது என்று முடிவுசெய்ய என்னால் முடியவில்லை.