டேக் பார்த்து நிற்கும் பஸ்

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது படப்பையில், ஷேர் ஆட்டோவில். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் போனில் யாரையோ கேட்டார்: "உனக்கு மட்டும் பஸ் வந்துடுச்சி இல்ல?" மறுமுனையில் பதில் இல்லை போலிருக்கிறது. அணைந்துபோன போனையே பார்த்துக்கொண்டு வந்தார்.

எனக்குக் கதைகள் பேச்சாகத்தான் கேட்கும். முகம் பிறகுதான் வரும். பதில் சொல்லாத அந்த ஆளுக்குக் கலைமணி என்று பெயர் வைத்தேன். பெரியவருக்குக் கண்ணப்பன்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஒரகடம் சாலையில் விடியும்போது பஸ்கள் வெள்ளை வெள்ளையாய், கொக்குக் கூட்டம் போல—'

(வேண்டாம். கலைமணி அந்தச் சாலையில் கொக்கு பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.)

கலைமணி வடக்குப்பட்டுக்காரி. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் உற்பத்தி லைனில் நின்று வேலை பார்த்தவள். காண்ட்ராக்ட் முடிந்ததும் கழுத்தில் தொங்கிய அடையாள டேக்கைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். தாம்பரத்தில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. படப்பைவரை போகலாமென்று பழைய கம்பெனி பஸ்ஸுக்கே கை காட்டினாள். டிரைவர் தெரிந்தவன்தான்.

"இன்னா வேல்ராஜ், தெரியாத மாதிரி போற?"

"தெரியும்க்கா. டேக் இல்லாம ஏத்தினா என் டேக்கப் புடுங்கிடுவாங்க."

பஸ் பாதி காலி. அந்தச் சாலையில் ஓடும் பஸ்ஸெல்லாம் யாரோ ஒருவருடையது: கம்பெனியுடையது, இல்லாவிட்டால் காலேஜுடையது. எல்லாருக்குமான பஸ் எப்போதாவது வரும். ஆஸ்பத்திரியில் அவள் தினமும் லேட். இனி ஒருமுறை லேட்டானால் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

3.

புது ரயில் பாதைக்கு அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். ஸ்டேஷன் வரவேண்டிய இடம் பல்கலைக்கழகத்தின் முன்பக்கக் காலி நிலம். 'எங்களுக்கும் வேண்டும்' என்று பல்கலைக்கழகத்தார் ஒரு வார்த்தை சொன்னால் வேலை நகரும். சொல்லாததால் கிடக்கிறது. (பல்கலைக்கழகத்துக்கு நான் பெயர் வைக்கவில்லை. வைத்தால் மற்றவை தப்பித்துவிடும்.)

ஊரார் கேட்கப் போனார்கள். பேசக் கலைமணியை முன்னால் தள்ளினார்கள். ரெஜிஸ்ட்ரார் இராமச்சந்திரனைக் கெட்டவராக எழுதப் பார்த்தேன், மாட்டேனென்றார். எல்லாருக்கும் டீ வரவழைத்தார்.

"எங்க பசங்களுக்கு எங்க பஸ் இருக்கேம்மா. ரயில் எதுக்கு?"

"பஸ்ஸுக்கு வெளிய நிக்கிறவங்களுக்கு சார். உங்க ஆஸ்டல பெருக்கறவங்களும் என்கூடத்தான் நிக்கறாங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "நீ எங்கம்மா போகணும்?"

"தாம்பரம், சார்."

"நாளையிலேர்ந்து எங்க ஸ்டாஃப் பஸ்ல போ. நான் சொல்லிடறேன்."

"ரொம்ப நன்றி சார்."

(இங்கே பேனாவை வைத்துவிட்டேன். இந்த நன்றியைத் திரும்ப வாங்க வழி தேடினேன். வேலை போகவிருப்பவள் வேறென்ன சொல்லுவாள்?)

வெளியே வந்ததும் கண்ணப்பன் சொன்னார்: "ரயில் கேக்கப் போனோம். நீ ஒரு சீட் புடிச்சிகினு வந்துட்ட."

"நீயா இருந்தா இன்னா சொல்லிருப்ப மாமா?"

"டீ நல்லாகீதுன்னு சொல்லிருப்பேன்."

4.

இப்போது கலைமணி கழுத்தில் நீல டேக்.* பல்கலைக்கழக வாசலில் பஸ் ஏறி நேரத்துக்கு வேலைக்குப் போகிறாள். ஊர் நிறுத்தத்தை பஸ் நிற்காமல் தாண்டும்போது குனிந்து செருப்பைச் சரிசெய்துகொள்கிறாள்.

நாளை ரயிலுக்கான கருத்துக்கேட்புக் கூட்டம். ரெஜிஸ்ட்ரார் கூப்பிட்டுச் சொன்னார்: "ஊருக்கு எங்க பஸ்ஸே போதும்னு நீ ரெண்டு வார்த்தை பேசினா போதும்மா."

முடிவு ஒன்று: கலைமணி எழுந்தாள். டேக்கைக் கழற்றி மேசைமேல்— (நீங்கள் கை தட்டுவீர்கள். மறுநாள் அவளைத் தாம்பரத்தில் யார் விடுவது?)

முடிவு இரண்டு: "ஆமா சார், போதும்." (ரயில் வராது. நிறுத்தத்தில் நிற்பவர்கள் நின்றுகொண்டே—)

இரண்டையும் அவளிடமே படித்துக் காட்டினேன்.

"நீ ஆட்டோல கேட்டுட்டு எறங்கிப் போயிட்டம்மா," என்றாள். "நாந்தான அங்க நிக்கணும்?"

* விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் நிறம். எந்த நாளும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

5.

மைக்கை அவளிடம் நீட்டிவிட்டார்கள். ரெஜிஸ்ட்ரார் தலையசைக்கிறார். பின்வரிசையில் கண்ணப்பன், அவரைச் சுற்றி நிறுத்தத்து முகங்கள். வழக்கமாக இந்நேரம் எனக்குக் குரல் கேட்டுவிடும். இன்று அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். மீதி உங்களிடம். எழுதுமுன் ஒருநாள் காலை, கழுத்தில் எதுவும் இல்லாமல், அந்தச் சாலையில் நின்று பார்த்துவிடுங்கள்.

"சார், என் பேரு கலைமணி. வடக்குப்பட்டு. எனக்கு பஸ்ஸு