இரண்டாம் அடுக்கில் ஒரு பெயர்

மூன்றாவது அடுக்கில்தானே இருக்க வேண்டும், இது எப்படி இரண்டாவதில்… கம்பியின் பெயராக ஒட்டியிருந்த அந்த எழுத்தின் மேல் அவள் மறுபடி கிளிக் செய்தாள், திரையோரத்தில் அதே பதில், அடுக்கு இரண்டு, எழுதியவர் என்ற கட்டத்தில் அவள் பெயர். கண் பொய் சொல்கிறதா? புதிய சிப்புக்காகப் பழைய வரைபடத்திலிருந்து அப்படியே எடுத்த மூலை இது, டீமில் சீனியராக இருந்த அக்கா வரைந்தது, எட்டு மாதம் முன்பு தயாராகி வந்து உயிரே இல்லாமல் கிடந்ததே அந்தப் பழைய சிப். மூன்றாம் அடுக்கின் மேல் கம்பியையும் இரண்டாம் அடுக்கின் கீழ்க் கம்பியையும் சேர்க்கும் இணைப்பை வைக்க அக்கா மறந்துவிட்டாள், சரி, யார்தான் மறக்கவில்லை, அதைப் பிடிக்கத்தானே கணினிச் சோதனை… ஆனால் சோதனை ஒரு பேதை, இரண்டு துண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் ஒரே கம்பி என்று தலையாட்டிவிட்டுப் போய்விடும். மேல் கம்பிக்கு இந்த முனையிலும் பெயர் எழுதுகிறேன் பேர்வழி என்று வந்து, அடுக்கை மாற்றாமல், கீழ்த்துண்டில் ஒட்டிவிட்டுப் போனது யார்… நானா? எழுத்தை அழித்துவிட்டுச் சோதனையை ஓட்டினாள். மூலை சிவந்தது.

சோதனை சுத்தமாக வந்தது என்று அக்கா அன்று அந்தச் சிப்பைப் பற்றிய கூட்டத்தில் சொன்னாளே, மேலாளர் சிரித்தார், அப்ப சிப்பு என்ன தூங்குதாம்மா என்றார், எல்லோரும் சிரித்தார்கள், நானும்கூட உதட்டளவில்… அந்த வாரமே அக்கா கோப்பையையும் ஸ்வெட்டரையும் பையில் போட்டுக்கொண்டு வேலையை விட்டுப் போனாள். போனில் அக்காவின் எண்ணைத் தேடினாள்.

“அக்கா, அந்த மூலையில இருந்த பேரு… நான் எழுதுனது. இப்பத்தான் பாத்தேன்.”

மறுமுனையில் குழாயை மூடும் சத்தம். “இப்பத்தானா?”

“ஆமாக்கா.”

“நான் கூட்டத்துக்கு முன்னாடியே பாத்துட்டேன்டி. நீயா வாயத் தொறப்பேன்னு கடைசிவரைக்கும் உன் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தேன்.”

சத்தியமாகத் தெரியாது என்றாள். சரி என்றாள் அக்கா, அவ்வளவுதான், அந்தச் சரியில் நம்பியதும் இல்லை, நம்பாததும் இல்லை. எட்டு மாதமாக ஒருத்தி மனதில் நான் யாராக இருந்திருக்கிறேன்… தெரியாதுதான், பார்க்கவே இல்லையே. கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அந்த வரைபடக் கோப்பைத் திறந்து, அந்த மூலை வரை போய், பெரிதாக்கிப் பார்க்காமல் மூடிவிட்டு எழுந்தேனே, ஏன்? பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள், இந்த நிமிடம் வரை.